ஒட்டக்கூடாத இடைவெளி

மேடையில் வீற்றிருக்கும் ஊர்த்தலைவர் மோலா லியோங்கா அவர்களே! மலையேறி வந்திருக்கும் வட்டார அதிகாரி அவர்களே! மகள் எனங்காவைப் பறிகொடுத்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் தாயார் ஈயா நமோண்டோ அவர்களே! எங்கள் நிலையத்துத் தோழர்களே! இந்த எரிமலைச் சரிவில் பிறந்து, இதிலேயே பயிரிட்டு வாழும் வோடாலே மக்களே!

பேசும்போது நான் அடிக்கடி இடப்பக்கம் திரும்பிப் பார்த்தால் கோபித்துக்கொள்ளாதீர்கள். அந்த மேசைமேல் இருக்கும் கணினியில் ஒரு கோடு ஓடிக்கொண்டிருக்கிறது. இந்தப் பள்ளிக்கூடத்தின் பின்னால் புதைத்திருக்கும் கருவி மலையின் அசைவை அளந்து அனுப்பும் கோடு அது. எனங்கா இருந்திருந்தால் அதை அவர் பார்த்துக்கொண்டிருப்பார், நான் நிம்மதியாக அழுதிருப்பேன். இன்று எனக்கு அழக்கூட வழியில்லை.

மலை அதிர்வு நிலையத்தின் தலைமை ஆய்வாளர், முனைவர் எனங்கா மொகோசோ! காய்ச்சல் என்று படுத்தவர் எழுந்திருக்கவில்லை. இந்த மலையின் ஒவ்வொரு முனகலையும் கேட்ட காது மண்ணுக்குள் போய்விட்டதே! யாரிடம் போய் முறையிடுவது?

அவர் என்ன வேலை செய்தார் என்று உங்களில் பலர் கேட்டிருக்கிறீர்கள். மலையின் அசைவு இரவு பகலாக, முடிவில்லாமல் வந்துகொண்டே இருக்கும். முழுக் கிழங்கை அப்படியே பானையில் போட முடியுமா? நறுக்கித்தானே போடுகிறோம்! அதுபோல அந்த நீளமான பதிவைத் துண்டு துண்டாக வெட்டி, ஆராய்ந்து, மறுபடி ஒன்றாகச் சேர்ப்பார்கள். அதற்கென்று கணினியில் கருவிகள் இருக்கின்றன. ஒரு வரி கட்டளை கொடுத்தால் வெட்டும், ஒரு வரி கொடுத்தால் ஒட்டும். ஆனால் எனங்கா எங்களிடம் ஓயாமல் சொல்வார்: "வெட்டுறதுக்கு எவனும் வெட்டுவான்டா. ஒட்டுற எடத்துலதான் பொய் பொறக்கும்."

மூன்றாண்டுகளுக்கு முன் நடந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். நாங்கள் எல்லோரும் மலை அமைதியாக இருக்கிறது என்றோம். ஒவ்வொரு துண்டையும் தனித்தனியே சமன்படுத்திப் பார்த்தோம், எல்லாம் சமமாகவே இருந்தன. எனங்கா வந்தார், பார்த்தார், தலையில் அடித்துக்கொண்டார். "மாடிப்படியை ஒவ்வொண்ணா பாத்தா எல்லாம் சமதரைதான். சேத்துப் பாருங்கடா, ஏறிக்கிட்டுல்ல இருக்கோம்!" என்றார். சமன்படுத்தாத துண்டுகளை அப்படியே சேர்த்தார். கோடு மெல்ல மெல்ல மேலே போயிருந்தது. மலை வீங்கிக்கொண்டிருந்தது!

உடனே இங்கே ஓடி வந்தார். தலைவர் லியோங்கா அவர்களே, அன்று நீங்கள் என்ன கேட்டீர்கள்? "ஏம்மா, ஒன் பொட்டியில ஒரு கோடு வளைஞ்சா, நான் ஆட்டையும் சேப்பங்கிழங்கையும் விட்டுட்டு ஓடணுமா?"

"ஆட்டை ஓட்டிக்கிட்டு வாங்க. கெழங்குக்குக் காலு கெடையாது, அது கெடக்கட்டும்" என்றார் அவர்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், அவருக்கும் அது பிடிக்கும். அந்த வாரமே நெருப்புக்குழம்பு மேல்தோட்டங்களை மூடியது. ஓர் உயிர்கூடப் போகவில்லை. "கெழங்கை மலையே சுட்டுத் தின்னுடுச்சு" என்று தலைவர் சொல்லிச் சொல்லிச் சிரித்ததும், சிரித்தவர் அப்படியே அழுததும் என் கண்ணிலேயே நிற்கிறது.

பெரியோர்களே! இப்போது நான் சொல்லப்போவது இரங்கல் கூட்டத்தில் சொல்லக்கூடியதுதானா என்று எனக்குத் தெரியவில்லை. ஆனாலும் சொல்கிறேன்.

எனங்காவை அடக்கம் செய்ய நாங்கள் எல்லோரும் கடற்கரைக்குப் போயிருந்தபோது, இதே பள்ளிக்கூடத்துக் கருவியின் மின்கலம் தீர்ந்து, பதிவு நின்றுபோனது. திரும்பி வந்து அதை மறுபடி ஓட விட்டோம். விட்ட இடத்தில் கோடு தொடங்கவில்லை. மேலே தொடங்கியது.

எங்கள் நிலையத்து இளைஞன் மோட்டுவா நல்ல பிள்ளைதான். அவன் சொன்னான்: "அண்ணே, ரெண்டாவது துண்டைக் கொஞ்சம் கீழ எறக்கி ஒட்டிட்டா கோடு நேரா வந்துடும். நின்னு எழுந்ததுல மெஷின் எகிறிடுச்சுன்னு எழுதிக்கலாம்."

"எகிறினது மெஷினா, மலையா? ஒனக்குத் தெரியுமா?"

"தெரியாதுண்ணே."

"எனக்கும் தெரியாதுடா. அதைத்தான் எழுதணும்."

வட்டார அதிகாரி அவர்கள் நியாயமான மனிதர். அவரும் நேற்று என்னிடம் கேட்டார்: "எஃபாங்கே, ஞாயித்துக்கிழமை மலை ஓட்டப் பந்தயம். வெளியூர்க்காரங்க வந்து எறங்கியாச்சு. தெரியாதுன்னு ஒரு தாளை நீட்டினா, நான் மேல என்னய்யா சொல்லுவேன்?" அதற்கான பதிலை இந்த மேடையில், உங்கள் எல்லோர் முன்னிலையிலும், இப்போது சொல்கிறேன். ஐயா, அந்த இடைவெளியை நான் மூட மாட்டேன்! அமைதி என்று ஒரு தாளில் கையெழுத்து வேண்டுமென்றால், வேறு கையைத் தேடிக்கொள்ளுங்கள். என் வேலை போனாலும் போகட்டும். எனங்காவைப் புதைத்த நேரத்தில் விழுந்த ஓட்டையை வைத்தே எனங்கா காப்பாற்றிய ஊரை ஏமாற்றினால், நான் எந்த முகத்தோடு அவர் கல்லறைக்குப் போவேன்?

அதிகாரி தலையசைக்கிறார். நன்றி ஐயா. நான் கேட்டதும் லாரிகளை அனுப்பியவரும் அவர்தான், அதையும் சொல்லிவிட வேண்டும். வாசலில் நிற்கும் லாரிகள் மலர்வளையம் கொண்டுவந்தவை என்று நினைத்தீர்களா? இல்லை, அவை உங்களுக்காக வந்தவை. கூட்டம் முடிந்ததும் வோடாலே முழுவதும் கீழே இறங்கித் தங்க வேண்டும். நான் சொல்வது தப்பாகப் போய், மலை ஒன்றும் செய்யாமல் இருந்தால், "பயந்தாங்கொள்ளி எஃபாங்கே" என்று காலமெல்லாம் கேலி செய்யுங்கள். அந்தப் பேரைச் சந்தோஷமாக வைத்துக்கொள்கிறேன்.

எனங்கா! உங்கள் வேலையை நாங்கள் தொடர்வோம். வெட்டிய துண்டைச் சமன்படுத்தி ஏற்றத்தை மறைக்க மாட்டோம். ஒட்டும்போது பொய் சேர்க்க மாட்டோம். தெரியாததைத் தெரியாது என்றே எழுதுவோம்!

இனி, அவருக்காக ஒரு நிமிட மௌனம். ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். நாம் எழுந்தவுடன் அந்தக் கோடு துள்ளும். பயப்பட வேண்டாம், அது நம் கால்கள். பிள்ளைகளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொள்ளுங்கள். காலை மாற்றிக்கூட வைக்காதீர்கள். நாம் அசையாமல் நின்றால் கோடு அடங்க வேண்டும்.

அடங்காவிட்டால், நிமிடம் முடியும்வரை நிற்காதீர்கள். எனங்கா கோபித்துக்கொள்ள மாட்டார். நேரே லாரிக்குப் போங்கள்.

எழுந்திருங்கள்.