இடப்பக்கக் குழாய்

— குழாய்களை மாற்றி வைத்திருக்கிறாய், ஜோவிதா. நோயாளியின் ரத்தம் வலப்பக்கம், நலமானவரின் ரத்தம் இடப்பக்கம். இந்த லேபின் ஒழுங்கு அது.

— சத்தியமா மாத்தல, கனகவல்லி மேடம். வலப்பக்கம் முகிலன்ற கொயந்தயோடது, இடப்பக்கம் என்னோடது. சீக்கிரம் பாருங்க, அவங்கப்பா வெளிய நடந்துகினே கீறாரு. இந்த ரிப்போர்ட் போனாத்தான் நாளைக்கு டான்சில் ஆபரேஷனாம்.

— மருந்து பட்டதும் பிளேட்லெட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டினால்தான் திரையில் கோடு ஏறும். வலப்பக்கம் ஏறியிருக்கிறது. உன்னுடையது படுத்துக் கிடக்கிறது. மூக்கில் ரத்தம் நிற்காத குழந்தைக்கா ஏறும்?

— மருந்து கெட்டுப்போயிருக்கும்.

— இரண்டுக்கும் ஒரே புட்டி. ஏன் அந்த எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டே இருக்கிறாய்?

— ஷேர் ஆட்டோல வந்தது வயித்தப் பிரட்டுது மேடம். லேபிள மாத்தி ஒட்டிடட்டா? தப்பு என்னோடதாவே இருக்கட்டும்.

— ஒட்டினால், அந்தக் குழந்தைக்கு ஆயுள் முழுவதும் ஒரு நோயை ஒட்டுகிறோம். கையை நீட்டு. நானே எடுக்கிறேன்.

— பேஜாரு! சேர்ந்து ஒரு வாரம் ஆவல. நார்மல் ரத்தத்துக்கு ஆள் இல்ல, நீ குடுன்னு நீங்கதான சொன்னீங்க?

— சொன்னேன். நம் லேப் ஆட்கள் நலமானவர்கள் என்று நானே முடிவு கட்டிக்கொள்வது வழக்கம். தலைவலி மாத்திரை ஏதும் போட்டாயா?

— இல்ல மேடம்.

— காலையில் குத்திய இடத்தில் பஞ்சு ஏன் இன்னும் நனைந்திருக்கிறது?

— எனக்கு எப்பவும் அப்டித்தான். அக்காவுக்கும் அப்டித்தான்.

— பேசாதே. இப்போது எடுத்த ரத்தத்தில் மருந்தை விடுகிறேன். திரையைப் பார்.

— ஏறல.

— பொறு.

— ஏறவே இல்ல மேடம். எனக்கு பிளேட்லெட்டே இல்லியா?

— எண்ணிக்கை சரியாக இருக்கிறது. பிளேட்லெட்டின் மேற்பரப்பில் கைகள் போல ஏற்பிகள் உண்டு. காயம் பட்டதும் சில ஏற்பிகள் உள்ளே செய்தி சொல்லும். உடனே வேறோர் ஏற்பி விழித்துக்கொண்டு, பக்கத்து பிளேட்லெட்டோடு கோக்கும். உனக்கு அந்தக் கோக்கும் கை இல்லையோ என்று சந்தேகிக்கிறேன். உறுதிப்படுத்த வேறு சோதனை வேண்டும்.

— அப்போ அந்தக் கொயந்த?

— அவனுக்கு இந்தக் குறை இல்லை. போய் அவன் அப்பாவிடம் சொல். நில்! உன் அக்காவுக்கு என்ன ஆயிற்று?

— மொதப் பிரசவத்துல ரத்தம் நிக்கல. போய்ட்டா.

— உன் பெற்றோர் உறவில் மணந்தவர்களா?

— அம்மா, அப்பாவுக்கு மாமன் பொண்ணு.

— ஏன் உட்கார்ந்துவிட்டாய்? எழுந்திரு.

— மேடம்... வயித்தப் பிரட்டுறது ஷேர் ஆட்டோவால இல்ல.