அண்ணனின் நூற்றுப் பதினேழாவது வயது

சாமையைக் கல் இல்லாமல் புடைப்பதுதான் என் தொழிலில் கஷ்டமான வேலை. மற்றதெல்லாம் சுலபம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இன்ஸ்பெக்டர் ஐயா. ஏனென்றால் ஊரில் எல்லாரும் நான் உட்கார்ந்த இடத்தில் போனை நோண்டியே முன்னேறிவிட்டேன் என்று பேசுகிறார்கள். நீங்களும் வந்ததும் அதைத்தான் கேட்டீர்கள்.

என் பெயர் பூபாலன். புதூர்நாட்டில் ஜீப் நிற்கும் இடத்திலிருந்து அரை மணி நேரம் மேலே நடந்தால் எங்கள் வீடு. எனக்கும் என் அண்ணன் தாண்டவராயனுக்கும் பொதுவில் ஒரு சாமைக் கொல்லை, நாலு புளியமரம். மூன்று வருடம் முன்பு திருப்பத்தூரில் தொழில்முனைவோருக்கு ஒருநாள் பயிற்சி நடந்தது. டீயும் பப்ஸும் கொடுத்தார்கள். டை கட்டிய தம்பி ஒருவர், "பொருள விக்காதீங்க, கதைய வில்லுங்க" என்றார். எழுதி வைத்துக்கொண்டேன். சொன்னதைச் சொன்னபடி செய்கிற ஆள் நான்.

எங்கள் பக்கம் பெரிய புளியமரத்தடியில் மட்டும்தான் சிக்னல் கிடைக்கும். அதனால் வீடியோ எல்லாம் அங்கேதான். முதல் வீடியோவில் அண்ணன் சாமை புடைத்துக்கொண்டிருந்தார். காட்டுப்பன்றிக்காக ஒரு மாதம் கொல்லையில் காவல் இருந்துவிட்டு அன்றுதான் வந்திருந்தார். தாடியும் புழுதியுமாக, வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டிருந்தார். தாத்தாவுக்கு என்ன வயது என்று வீடியோவுக்குக் கீழே ஒரு பெண் கேட்டிருந்தாள். அண்ணனுக்கு அப்போது ஐம்பத்து நாலு. விளையாட்டுக்கு, நூற்றுப் பதினைந்து, தினமும் சாமைச் சோறுதான் என்று பதில் போட்டேன்.

மறுநாள் காலையில் முந்நூறு ஆர்டர். எங்களிடம் இருந்தது இரண்டு மூட்டை.

அதற்குப் பிறகு எப்படி ஐயா மாற்றிச் சொல்வது? வாடிக்கையாளர் நம்பிக்கை என்று ஒன்று இருக்கிறது. வயது விஷயத்தில் நான் ஒழுங்காகவே நடந்துகொண்டேன். வருடத்துக்கு ஒன்றுதான் கூட்டினேன். வேறு ஒருவனாக இருந்தால் ஐந்து ஐந்தாகக் கூட்டியிருப்பான்.

அண்ணன் முதலில் சிரித்தார். "இன்னாடா இது கூத்து" என்றார், அவ்வளவுதான். அவருக்குச் சாமை ஒத்துக்கொள்ளாது, வயிறு உப்பிவிடும். கேமராவுக்கு இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு உள்ளே போய் ரேஷன் அரிசிச் சோறு சாப்பிடுவார். நான் ஒருநாளும் தடுத்ததில்லை. ஊரும் ஒத்துழைத்தது. அண்ணனோடு மூன்றாம் வகுப்பு வரை படித்த கோபால்சாமியே அவரைத் தாத்தா என்று கூப்பிடத் தொடங்கிவிட்டார். கோபால்சாமியின் தேனையும் என் வீடியோ பக்கத்தில்தான் விற்கிறேன்.

பல் விஷயத்தை உங்களிடம் பெரிதுபடுத்தியிருப்பார்கள். இந்த வயதில் இவ்வளவு பல்லா என்று நாலைந்து பேர் கேட்க ஆரம்பித்தார்கள். கேள்வி நியாயமானதுதான். அண்ணனுக்கு ஒரு கடைவாய்ப் பல் ஆடிக்கொண்டிருந்தது என்பதும் உண்மை. சந்தையில் பல் செட் கட்டுகிற ஒருவரிடம் அழைத்துப் போனேன். அந்தப் பல்லோடு சேர்த்து முன்பக்கம் எட்டையும் எடுத்துவிடச் சொன்னேன். ஒரே செலவாக முடியும் அல்லவா?

"வலிச்சது ஒரு பல்லுதானேடா" என்றார் அண்ணன். வாயில் பஞ்சு வைத்துவிட்டதால் அதற்கு மேல் பேச முடியவில்லை.

அந்த வாரம் ஆர்டர் இரண்டு மடங்கானது. அண்ணனுக்கு நன்றி சொல்லி ஒரு பதிவு போட்டேன்.

பிறகு கோயம்புத்தூரிலிருந்து ஒரு வாடிக்கையாளர் அன்பாகச் சக்கர நாற்காலி அனுப்பினார். வந்த பொருளைப் பயன்படுத்தாமல் இருப்பது மரியாதையில்லை. ஆனால் மலைச் சரிவில் சக்கரம் நிற்குமா? அதனால் நாற்காலியைப் புளியமரத்தோடு சேர்த்துக் கட்டினேன். நாற்காலியைத்தான் கட்டினேன், அண்ணனை அல்ல. இடுப்புக் கயிறு வந்தது அதற்கு அப்புறம். ஒருநாள் அவர் மறந்துபோய் எழுந்து, வெளியூர்க்காரர்கள் கண்ணெதிரே ஒரு கன்றுக்குட்டியைத் துரத்திக்கொண்டு ஓடினார். அதற்குப் பிறகுதான்.

இந்தச் சமயத்தில்தான் மங்கம்மாள் வேலைக்கு வந்தாள். பக்கத்து ஊர் விதவை, ஐம்பது வயது இருக்கும். பொட்டலம் கட்டுவதில் நல்ல கை. மதியம் அண்ணனுக்கு அவள்தான் சோறு பிசைந்து கொடுப்பாள். நாள் முழுக்க மரத்தடியில் உட்கார்ந்திருப்பவருக்கு ஒரு பேச்சுத் துணையாக இருக்கட்டும் என்று விட்டேன். இதில் மட்டும் நான் ஏமாந்துவிட்டேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

போன மாசி மாதம் அண்ணன் என்னைக் கூப்பிட்டார்.

"தம்பி, சித்திரைல மங்கம்மாவ கண்ணாலம் கட்டிக்கலாம்னு இருக்கேன். அதுக்கும் சம்மதந்தான்."

"அண்ணா, உனுக்கு நூத்திப் பதினேழு வயசு" என்றேன்.

"எனுக்கு அம்பத்தாறுடா. உனுக்கே தெரியும்."

எனக்குத் தெரிந்து என்ன பிரயோசனம்? வீடியோ பார்க்கிற நாலு லட்சம் பேருக்குத் தெரியாதே. இருந்தாலும் பொறுமையாகவே பேசினேன். மூன்று வருடம் பொறுத்துக்கொள், நூற்றிருபது ஆனதும் வீடியோவில் உன்னைச் சாகடித்துவிடுகிறேன், அப்புறம் கணியம்பாடிப் பக்கம் போய் அவளோடு நிம்மதியாக இரு என்றேன். இதைவிட ஒரு தம்பி என்ன செய்ய முடியும்?

"எனுக்கு கருமாதி பண்ணிட்டுதான் கண்ணாலம் பண்ணுவியாடா?" என்று கேட்டார் அண்ணன். கண் கலங்கியிருந்தது. எனக்கும் சங்கடமாகத்தான் இருந்தது. ஆனால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை சென்னையிலிருந்து இரண்டு வேன் நிறைய வாடிக்கையாளர்கள் வருவதாக இருந்தது. அந்த வேலை தலைக்கு மேல் கிடந்தது.

ஞாயிறு காலையில் எல்லாரும் வந்துவிட்டார்கள். நான் வரவேற்றுப் பேசிக்கொண்டிருந்தேன், என் மனைவி நதியா லைவ் எடுத்துக்கொண்டிருந்தாள். திரும்பிப் பார்த்தால் நாற்காலி காலி. கயிற்றை மங்கம்மாள் அவிழ்த்துவிட்டிருக்கிறாள். அண்ணன் மரத்தின் இரண்டாவது கவட்டையில் நின்றுகொண்டிருந்தார். ஒன்றரை வருடம் உட்கார்ந்தே இருந்த கால், வெடவெடவென்று ஆடியது. கையால் இழுத்து இழுத்து ஏறியிருக்க வேண்டும்.

"எனுக்கு அம்பத்தாறு வயசுங்க! பல்ல இவன்தான் புடுங்க வெச்சான்!" என்று அங்கிருந்து கத்தினார்.

வந்தவர்கள் எழுந்து கை தட்டினார்கள். இந்த வயதில் மரம் ஏறுகிறாரே என்று ஒரு அம்மாள் கும்பிட்டாள். முன்பல் இல்லாததால் அண்ணன் பேச்சு வெளியாருக்குப் புரியாது. எல்லாரையும் சாமை சாப்பிடச் சொல்கிறார் என்று நான் மைக்கில் விளக்கினேன். அதோடு முடிந்திருக்கும். அன்றைக்கு மட்டும் நூறு கிலோ போயிருக்கும்.

ஆனால் மங்கம்மாள் அண்ணனின் ஆதார் அட்டையைக் கையில் வைத்திருந்தாள். என் பெட்டியிலிருந்து எடுத்திருக்கிறாள். பிறந்த வருடத்தைப் படித்துக் காட்டும்படி வேனில் வந்த ஒரு பையனிடம் அதை நீட்டினாள்.

எல்லாரும் மேலே பார்க்கும்படி ஏதாவது செய்தாக வேண்டும். அண்ணனை இறக்கிக் கூட்டி வருகிறேன் என்று மைக்கில் சொல்லிவிட்டு நானும் மரம் ஏறினேன்.

புளி உலுக்குவதைப் பற்றி உங்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். கையால் ஆட்டினால் பழம் விழாது. மேல் கிளையைப் பிடித்துக்கொண்டு, கீழ்க் கிளையில் நின்று காலால் அழுத்தி மிதித்து உலுக்க வேண்டும். ஓரத்தில் இருப்பதுதான் முதலில் விழும். இருபது வருடமாகச் செய்கிற வேலை. நான் ஏறி வருவதைப் பார்த்து அண்ணன் கிளையின் ஓரத்துக்கு நகர்ந்தார். "வேணாண்டா பூபாலா" என்றார். மூன்று முறை உலுக்கினேன். இரண்டாவதே போதுமானதாக இருந்தது. மூன்றாவது வெறும் பழக்கம்.

பழமும் ஏராளமாக விழுந்தது. அட்டையைப் படிக்க இருந்த பையன் உட்பட, கீழே இருந்தவர்கள் முதலில் அதைத்தான் பொறுக்கினார்கள்.

அடக்கத்தில் நான் எந்தக் குறையும் வைக்கவில்லை. நூறு தாண்டிப் போனால் எங்கள் பக்கம் கல்யாணச் சாவு. மேளமும் வெடியுமாக அனுப்பி வைப்போம், யாரும் அழக்கூடாது. கோபால்சாமி கடைசி வரை ஆடிக்கொண்டே வந்தார். சென்னைக்காரர்கள் பூ வாரி இறைத்தார்கள், சிலர் ஆசீர்வாதமாக இருக்கட்டும் என்று நாற்காலியைத் தொட்டுக் கும்பிட்டார்கள். எல்லாம் நல்லபடியாக நடந்தது, லைவும் போய்க்கொண்டிருந்தது. மங்கம்மாள் ஒருத்திதான் கெடுத்தாள். நூற்றுப் பதினேழு வயது வாழ்ந்து நிறைவாகப் போன மனிதருக்கு, யாரோ ஐம்பத்தாறு வயதுக்காரன் செத்துப்போன மாதிரி மண்ணில் விழுந்து அழுதாள்.