கூட்டாளி இல்லம் பொங்கியண்ணன் ஐயாவை அனுப்பிவைக்கிறது

பேளுக்குறிச்சியில் பிறந்து, கொண்டை ஊசி வளைவெல்லாம் கடந்து, கொல்லிமலைக் குளிரைக் கூடவே குடித்தனம் வைத்துக்கொண்டு, எடப்புளி நாட்டில் எங்கள் கூட்டாளி இல்லத்தைத் தொடங்கிய நாள் முதல் தூக்கி நிறுத்தி, இன்று பணி நிறைவு பெறும் பொறுப்பாளர், பொறுமையில் பெரியவர், பேச்சில் சிக்கனக்காரர், திருமிகு பொங்கியண்ணன் ஐயா அவர்களுக்கு, இவ்வாண்டு இல்லவாசிகளும் பணியாளர்களும் ஒருமனதாக, ஆம், பெரும்பாடு பட்டு ஒருமனதாக, வாசித்து வழங்கும் மடல்!

விழாவுக்கு வந்திருக்கும் பெரியோர் சிலருக்கு எங்கள் இல்லத்தைப் பற்றித் தெரிந்திராது. அதை முதலில் சொல்லிவிடுகிறோம். பள்ளிப் படிப்பு முடிந்து, அடுத்தது என்ன என்று முழித்துக்கொண்டு நிற்கும் இருபது பேர், மலையிலிருந்தும் அடிவாரத்திலிருந்தும் வந்து, ஓராண்டு இங்கே ஒரே கூரையின்கீழ் வாழ்கிறோம். சாமை விதைப்பதும், மிளகு பறிப்பதும், ஓடைத் தண்ணீர் வரும் குழாயில் அடைப்பு நீக்குவதும், கூரை ஒழுகினால் மேலே ஏறுவதும், சண்டை வந்தால் தீர்த்துக்கொள்வதும் நாங்களேதான். சமையல்காரர் கிடையாது. இன்னாருக்கு இன்ன வேலை என்று பிரித்துக் கொடுப்பவரும் கிடையாது. எந்த முடிவும் அந்தி நேரச் சபையில் எல்லோரும் ஒப்பினால்தான் நடக்கும். ஒரே ஒருவர் ‘இல்லீங்க’ என்றாலும் அது நின்றுபோகும்.

இன்னொரு சட்டமும் உண்டு. ஆண்டு முடிந்து போனவர், அடுத்த ஓராண்டுக்கு இந்த வாசலைத் தாண்டி உள்ளே வரக்கூடாது. அந்தச் சட்டத்தை முன்மொழிந்தவர் தாங்கள்.

உப்புக் குழம்பை உண்டு முடித்த உத்தமரே!

நாங்கள் வந்திறங்கிய முதல் நாளைத் தாங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். தங்கள் நாக்கு நிச்சயம் மறந்திருக்காது. அடுப்படியில் யாருக்கும் யாரையும் தெரியாது. எல்லோருக்கும் நல்ல பேர் வாங்க ஆசை. கலைமணி வந்து குழம்பில் உப்புப் போட்டாள். அவள் தண்ணீர் எடுக்கப் போனதும் முகேஷ் வந்து போட்டான். கடைசியாக யமுனா வந்து, பாவம், இத்தனை பேர் இருந்தும் உப்பை மறந்துவிட்டார்களே என்று கைநிறைய அள்ளிப் போட்டாள். வாயில் வைத்ததும் இருபது முகமும் தங்கள் முகத்தைத்தான் பார்த்தது. கொட்டச் சொல்வாரா, திட்டுவாரா, வேறு சமைக்கச் சொல்வாரா என்று காத்திருந்தோம். தாங்களோ தட்டில் இருந்ததை முழுக்கச் சாப்பிட்டு, இரண்டு சொம்புத் தண்ணீரைக் குடித்துவிட்டு, “உப்பிட்டவரை உள்ளளவும் நெனைக்கோணுமாம். எத்தன பேர்ன்னு தெரியலையே சாமி” என்று சொல்லி எழுந்து போனீர்கள்.

ஒரு வழி சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அன்று தங்களை நாங்கள் திட்டாத திட்டில்லை. மறுநாள் எங்களுக்குள் அடித்துக்கொண்டு ஒரு வழி கண்டோம். உப்புப் போட்டவர் “உப்புப் போட்டாச்சூ” என்று கூவ வேண்டும். காட்டில் இருப்பவர் உட்பட எல்லோரும் “போட்டாச்சூ” என்று திருப்பிக் கூவ வேண்டும். இல்லத்தைப் பார்க்க வந்த விருந்தினர் ஒருவர், அதை உணவுக்கு முன் சொல்லும் பிரார்த்தனை என்று எண்ணிக் கண்மூடிக் கைகூப்பி நின்றார். தாங்களும் அவர் பக்கத்தில் கைகூப்பி நின்றீர்களே, அந்தக் குறும்பை எந்த அடைமொழியில் அடக்குவது!

வாசலில் சோறு போட்டு வழியனுப்பிய வன்னெஞ்சரே!

தங்கள் பெருமையைச் சொல்ல எங்களைவிடத் தகுதியானவர் சண்முகப்பிரியா அக்கா. நாளை முதல் தங்கள் பொறுப்பை ஏற்கப் போகிறவர். அவர் இந்த மடலில் தம்மைப் பற்றி எழுத வேண்டாம் என்றார். சபையில் கெஞ்சிக் கூத்தாடி அவரை ஒப்பவைத்தோம்.

அக்கா புளியஞ்சோலைப் பக்கத்துப் பெண். அப்பாவும் அம்மாவும் கட்டட வேலைக்கு ஊர் ஊராகப் போனவர்கள். பிள்ளை சொந்தக்காரர் வீடுகளில் மாறி மாறி வளர்ந்தது. ‘சாப்பிட்டாயா’ என்று தினமும் கேட்கும் ஆட்கள் அவருக்கு முதன்முதலில் கிடைத்தது இந்த இல்லத்தில்தான். ஆண்டு முடிந்ததும் நாமக்கல்லில் ஒரு துணிக்கடையில் வேலைக்குச் சேர்ந்தார். வாடகை அறையில் ஐந்து பெண்கள். ஆளுக்கொரு அலமாரி, ஆளுக்கொரு பூட்டு. ஒருத்தி சாப்பிடும்போது மற்றவள் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வாள். விடிந்தால் அக்காவுக்கு இந்த மலைதான் ஞாபகம். ஓடைக்குப் போகும்போது கேட்கும் சிரிப்பும், ஈர விறகின் புகையும், யாரோ யாரையோ கூப்பிடும் குரலும் காதை விட்டுப் போகவில்லை. ஒரு மாதமோ ஒன்றரை மாதமோ பொறுத்துப் பார்த்தார். பிறகு பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிவிட்டார். என்ன சொல்லிக் கேட்பது என்று ஒவ்வொரு வளைவிலும் ஒத்திகை பார்த்துக்கொண்டே வந்தாராம்.

வாசலில் தாங்கள் நின்றிருந்தீர்கள்.

“வா கண்ணு. சாப்டியா?”

“இல்லீங்கய்யா. நான் இங்கயே இருந்துக்கறேனுங்க. சம்பளமெல்லாம் வேண்டாமுங்க. கூட்டிப் பெருக்கிட்டு ஒரு மூலைல கெடக்கறேனுங்க.”

தாங்கள் உள்ளே போய் இரண்டு தட்டில் சோறு கொண்டுவந்தீர்கள். வாசலுக்கு வெளியே மண்ணில் உட்கார்ந்து, அக்காவோடு தாங்களும் சாப்பிட்டீர்கள். சாப்பிட்டு முடித்ததும், “பஸ்ஸுக்கு நேரமாச்சு சாமி” என்றீர்கள்.

“உள்ள இருக்கறது என் கூட்டாளிங்க இல்லீங்களா?” என்று அக்கா அழுதார்.

“உன் கூட்டாளிக போயாச்சு கண்ணு. இதுக வேற புள்ளைக. நீ உள்ள வந்தீன்னா, ஒவ்வொண்ணுக்கும் உன்னையக் கேட்டுக் கேட்டுத்தான் செய்யும். கூட்டாளி வேணும்னா, நீ இருக்கற ரூம்புல யாருமே இல்லையா?”

இறங்கும் பஸ்ஸில் அடிவாரம் வரைக்கும் தங்களைச் சபித்துக்கொண்டே போனாராம். அந்தக் கோபம் தணியாமல், போனதும் போகாததுமாக ஒரே பாத்திரத்தில் ஐந்து பேருக்கும் சேர்த்துச் சோறாக்கி நடுவில் வைத்து, “வேணுங்கறவங்க திங்கலாம்” என்று கத்தினாராம். நாலு பேரும் பயந்துபோய்ச் சாப்பிட்டார்கள். மறுநாள் ஒருத்தி பருப்பு வாங்கிவந்தாள். அப்புறம் பூட்டு ஒவ்வொன்றாகக் கழன்றது. அந்த ஐவரும் பின்னால் சேர்ந்து ஒரு வீடு பிடித்தார்கள். ஆட்கள் மாறினாலும் அந்த வீட்டில் இன்றைக்கும் ஒரே அடுப்புதான்.

சில ஆண்டுகள் கழித்து அக்கா இங்கே பணியாளராக வந்தார். வாசலில் நிறுத்திய அந்த நாளைத் தாம் மறக்கவும் இல்லை, மன்னிக்கவும் இல்லை என்று தங்கள் முன்னாலேயே சொல்வார். தாங்களும் சிரிப்பீர்கள்.

கேட்டும் கிடைக்கப்பெறாத கொடையாளரே!

இதை மடலில் எழுதலாமா என்று எங்களுக்குள் பெரிய வழக்கே நடந்தது. பாராட்டு மடலில் பாராட்டு மட்டும்தானே இருக்க வேண்டும் என்று சிலர் சொன்னார்கள். இதைவிடப் பெரிய பாராட்டு எங்களுக்குத் தெரியாததால் எழுதுகிறோம்.

சென்ற மாதம் ஓர் அந்தியில் சபை கூடியது. எப்போதும் கதவோரம் ஒட்டி உட்கார்ந்து வாய் திறக்காத தாங்கள், அன்று வட்டத்துக்குள் வந்து எங்களில் ஒருவராகச் சம்மணம் போட்டு உட்கார்ந்தீர்கள். எங்களிடம் எப்போதும் ‘கண்ணு’, ‘சாமி’ என்று பேசும் வாயில் அன்று மரியாதை வந்தது.

“பின்னாடி மம்பட்டி, கூடையெல்லாம் வெக்கற ரூம்பு இருக்குதுங்களே. பொறுப்பு முடிஞ்சதுக்கப்பறம் நான் அதுல இருந்துக்கட்டுங்களா? யார் வேலைலயும் தலையிட மாட்டேனுங்க. எம் பொஞ்சாதி மாராயி போய்ச் சேந்ததுக்கப்பறம் ஊட்டுல… ஊட்டுல பேச ஆளில்லீங்க.”

முகேஷ் எழுந்தே விட்டான். “இதுக்கெல்லாம் எதுக்குங்கய்யா கேட்டுக்கிட்டு? நாளைக்கே வெள்ளையடிச்சர்லாம்!” ஒவ்வொருவராகச் சரி என்று சொல்லி வந்தோம். பாதிப் பேர் சொல்லும்போதே அழுதோம். கடைசியாக அக்காவின் முறை வந்தது.

அக்காவுக்கு அந்த நேரத்தில் என்னவெல்லாம் தோன்றியது என்று பிறகு சொன்னார். காலையில் எழுந்ததும் தாங்கள் முற்றத்தில் காப்பியோடு நிற்பீர்கள் என்ற நினைப்பே இனித்ததாம். சரி என்ற சொல் நாக்கு நுனிவரை வந்துவிட்டதாம். அப்போது தம்மையறியாமல் தங்கள் முகத்தைப் பார்த்தாராம், எப்போதும் போல, சம்மதம் கேட்பதற்காக. பார்த்ததும் தூக்கிவாரிப் போட்டதாம். விதைச் சாமை எடுப்பதிலிருந்து கூரை மாற்றுவது வரை, இத்தனை ஆண்டும் அந்த முகத்தைப் பார்க்காமல் தாம் ஒரு முடிவும் எடுத்ததில்லை என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

“இல்லீங்கய்யா” என்றார்.

“பழி வாங்கறீங்களாக்கா?” என்று கலைமணி கத்தினாள்.

அக்கா அவள் பக்கம் திரும்பவே இல்லை. தங்களைப் பார்த்துத்தான் பேசினார், அழுகையோடு. “நீங்க இருந்தா, உங்க மொகத்தப் பார்த்துட்டுத்தானுங்க நான் வாயத் தொறப்பேன். வரப்போற புள்ளைகளும் என்னையப் பாக்காதுங்க, ஒண்ணையொண்ணும் பாத்துக்காதுங்க, உங்களத்தான் பாக்கும். எனக்கும் நீங்க இருக்கோணும்னு ஆசைதானுங்க. இங்கிருந்து போக எனக்கு மட்டும் அன்னிக்கு மனசு வந்துச்சுங்களா? பேளுக்குறிச்சில உங்க தெருவுல யாருமே இல்லீங்களாய்யா?”

பிறகு தாங்கள் சிரித்தீர்கள். கண்ணைத் துடைத்துக்கொண்டே, “தன்வினை தன்னைச் சுடும்னு சும்மாவா சொன்னாங்க. சரி கண்ணு, நான் போய்ட்டு வாரேன்” என்றீர்கள். அக்காவின் தலையில் ஒருமுறை கைவைத்துவிட்டு வெளியே போனீர்கள்.

அதற்குப் பிறகு முகேஷ் பல நாள் அக்காவோடு பேசவில்லை. இந்த மடலில் கையெழுத்துப் போட மாட்டேன் என்று இன்று காலைவரை பிடித்த பிடியாக நின்றான். கடைசியில் அவன்தான் இதில் முதலாவதாகக் கையெழுத்திட்டான். ஏன் மனம் மாறினான் என்று நாங்களும் கேட்கவில்லை.

நீங்கா நினைவாய் நிறைந்தவரே!

போகாதீர்கள் என்று சொல்லத்தான் ஆசை. அந்த ஆசையை அடக்கிக்கொண்டுதான் இந்த மேடையில் நிற்கிறோம். இந்த மடலைக் கண்ணாடிச் சட்டம் போட்டுத் தருகிறோம். பேளுக்குறிச்சி வீட்டில், பக்கத்து வீட்டார் வந்தால் கண்ணில் படுகிற இடமாகப் பார்த்து மாட்டுங்கள். ‘இதென்ன’ என்று கேட்டுப் பேச்சை ஆரம்பிக்க அவர்களுக்கும் ஒரு சாக்கு வேண்டுமல்லவா! கை கால் சுகத்தோடும், வாய் நிறையப் பேச்சோடும், வாசல் நிறைய ஆட்களோடும் நீடு வாழத் தங்களை வாழ்த்த எங்களுக்கு வயதில்லை. ஆனாலும் வாழ்த்துகிறோம்.

ஓராண்டு கழிந்ததும் அவசியம் வாருங்கள் ஐயா. தாங்கள் வரும்போது, இதில் கையெழுத்திட்ட இருபது பேரில் ஒருவரும் இங்கே இருக்க மாட்டோம். இந்த இல்லத்தில் தங்களோடு இனி எங்களுக்கு ஒருநாளும் இல்லை. அக்கா ‘இல்லீங்க’ என்றபோது எங்களுக்கு வலித்ததும் அதுதான். முன்பின் தெரியாத பிள்ளைகள் வாசலுக்கு வந்து, “ஏனுங்க, யாரப் பாக்கோணும்?” என்று தங்களைக் கேட்கும். தங்கள் பேரைக்கூட அவர்களிடம் சொல்லிவைக்க வேண்டாம் என்று அக்காவிடம் நாங்களே கேட்டுக்கொண்டோம். அவர்கள் கேட்கட்டும், தாங்கள் சொல்லுங்கள், பிறகு உள்ளே போய் உட்காருங்கள்.

அன்றைக்கு எங்களைத் தேட வேண்டாம். எங்கேயாவது ஒரு வாடகை அறையில், பேர்கூடத் தெரியாத நாலு பேரோடு, நாங்கள் அடுப்புப் பற்றவைத்துக்கொண்டிருப்போம்.

ஏக்கம் மாறா அன்புடன்,
இவ்வாண்டு இல்லவாசிகள் இருபதின்மரும் பணியாளர்களும்,
கூட்டாளி இல்லம்,
எடப்புளி நாடு, கொல்லிமலை.