எஞ்சினில் கிடைத்த இறகு

— கடற்காகம்னு ஒரு வார்த்தை, அதுக்குக் கீழ ஒரு கையெழுத்து. இதுக்கா டாக்டர் எங்களை இவ்வளவு நேரம் உக்கார வச்சிருக்கீங்க?

— நான் எங்க உக்கார வச்சேன், கர்னல் ஸ்னைடர்? காப்பி குடுத்தேன். பிஸ்கட்டும் குடுத்தேன், ஆளுக்கு ஒண்ணு. நீங்கதான் மூடின டப்பாவையே பாத்துக்கிட்டு உக்காந்திருக்கீங்க.

— விளையாடாதீங்க. போன வாரம் எங்க தளத்துப் போர் விமானம் ஒண்ணு உருளைக்கிழங்கு வயல்ல விழுந்துச்சு. எஞ்சினுக்குள்ள இறகு கிடைச்சுது. இறகுன்னா பறவை. பறவைன்னா கடற்காகம். எங்க கரைப்பக்கம் வேற என்ன பறக்குது? இதைச் சொல்ல ஒரு மியூசியம், ஒரு மைக்ராஸ்கோப்பு. ரீங்க், நீதானே எடுத்த, சொல்லுப்பா.

— ஆமா சார். நான்தான் எடுத்தேன்.

— கேட்டுக்கிட்டீங்களா? கேப்டன் ரீங்க் எங்க தலைமை எஞ்சினியர். அவன் சொன்னா சரியா இருக்கும்.

— அப்படியா, சந்தோஷம். அப்போ ஓட்டின பொண்ணு சொன்னா மட்டும் தப்பா இருக்குமா? பறவை எதுவும் வரல, எஞ்சின் தானா வெடிச்சுதுன்னு சொல்றாளாம்ல, அந்த ஃபெம்கே.

— அவ பாராசூட்டுல குதிச்சு, முதுகெலும்பு நொறுங்கி ஆஸ்பத்திரியில படுத்திருக்கா. எல்லாம் மருந்து மயக்கம். எதைப் பாத்தா, எதைப் பாக்கலன்னு அவளுக்கே தெரியாது.

— பறவையைப் பாக்கலன்னா மயக்கம். பாத்தேன்னு சொல்லியிருந்தா, பொண்ணு தெளிவா இருக்கான்னு எழுதியிருப்பீங்க.

— சொல்றதைக் கேளுங்க டாக்டர். எங்க தளத்துக்குன்னு ஒரு பேர் இருக்கு. பத்து வருஷமா எங்க தப்பால ஒரு விமானம் கெட்டதில்ல. பாதுகாப்புக் கோப்பை வருஷா வருஷம் எங்களுக்குத்தான் வருது.

— ஒண்ணு ஓடுபாதையைத் தாண்டிப் போய் வாய்க்கால்ல முங்குச்சே?

— அது மழை.

— இன்னொண்ணு சக்கரம் இறங்காம வயித்தால தேச்சுக்கிட்டு வந்து நின்னுச்சே?

— அது குளிர். உறைஞ்சு போச்சு.

— இப்போ கடற்காகம். எதிரின்னு ஒருத்தன் இன்னும் ஒரு குண்டு போடல கர்னல். அதுக்குள்ள மழையும் குளிரும் காக்காயும் சேந்து உங்க படையைக் காலி பண்ணிடும் போலிருக்கு.

— நல்லா கிண்டல் பண்ணுங்க. பக்கத்து நாட்டு பெல்ஜியம்காரன்கிட்ட மட்டும் என்ன வாழுதாம்? அவன் கணக்கையும் எடுத்துப் பாருங்க.

— கணக்குன்னா எத்தனை விழுந்துச்சுன்னு மட்டும் பாத்தா ஆச்சா? எத்தனை மணி நேரம் பறந்துதுன்னும் பாக்கணும்ல? நீங்க உதிரிச் சாமான் இல்லாம பாதி விமானத்தை ஷெட்டுல தூங்கப் போட்டிருக்கீங்க. வாசல்ல என் சைக்கிள் கூட ஒரு மாசமா பூட்டிக் கிடக்கு, ஒரு தடவையும் விழல. அதுக்கும் ஒரு கோப்பை குடுங்க.

— ரீங்க், இந்தம்மாவுக்கு நீயாவது எடுத்துச் சொல்லு.

— திங்கக்கிழமை மத்த விமானங்க பறக்கணும் மேடம். எல்லாத்துலயும் இதே எஞ்சின்தான். பறவைன்னு நீங்க எழுதினா பறக்கும். இல்லன்னு எழுதினா, எல்லா எஞ்சினையும் பிரிச்சுப் பாத்தாகணும்.

— பிரிச்சா என்ன இருக்கும்னு நினைக்கிறீங்க கேப்டன்?

— உள்ள சுத்துற தகடுகள்ல விரிசல் இருக்கும் மேடம். ரெண்டு தடவை எழுதிக் குடுத்திருக்கேன்.

— அந்தக் கதை இங்க எதுக்கு? இவன் ஒரு பயந்தாங்கொள்ளி டாக்டர். முடி மாதிரி ஒரு கோடு தெரிஞ்சாப் போதும், விரிசல்னு குதிப்பான். நீங்க இறகைப் பத்தி மட்டும் சொல்லுங்க.

— சொல்றேன். வாத்து.

— வாத்தா? சரி, வாத்துன்னாலும் நல்லதுதான். வாத்தும் பறவைதானே, காக்காயை விடக் கனம் வேற. போடுங்க கையெழுத்தை.

— அவசரப்படாதீங்க. எஞ்சினுக்குள்ள போன பறவை சட்னியா வெளிய வரும். ரத்தம், சதை, கருகல் நாத்தம். அந்த மாதிரிப் பொட்டலத்தைப் பிரிக்கிற அன்னிக்கெல்லாம் எனக்கு மத்தியானச் சாப்பாடு இறங்காது. இதுல ஒரு பொட்டு ரத்தம் இல்ல. ஒரு இழை கருகல. மோந்து பாருங்க.

— லாவண்டர் வாசம் வருது.

— ஆமா. சோப்புப் போட்டு அலசி, வாசனை பூசின வாத்து. அதுலயும் றெக்கை, வாலு எதுவும் கிடையாது. அடிவயித்துப் பஞ்சு இறகு மட்டும்தான் பறந்து வந்திருக்கு. இது செத்து ரொம்ப வருஷமாச்சு கர்னல். உங்க விமானத்துல மோதினது ஒரு தலையணை.

— தலையணையா?

— அந்த உயரத்துல ஒரு தலையணை எதுக்க வந்ததை ஃபெம்கே கவனிக்காம விட்டுட்டா போல. மருந்து மயக்கம்.

— சரி டாக்டர், நடந்தது நடந்துபோச்சு. ‘பறவை இறகு’ன்னு மட்டும் போடுங்க. அது பொய் இல்லையே? உங்களுக்கும் பாவம் வராது, எங்களுக்கும் வேலை நடக்கும்.

— பொய் இல்லதான். அதை நம்பித் திங்கக்கிழமை ஏறி உக்காரப் போறவங்க பேரைச் சொல்லுங்க, அதையும் சேத்துப் போட்டுடறேன்.

— பேரெல்லாம் எதுக்கு?

— ஸ்டைன், பவுக்கே, மைன்டர்ட், அப்புறம் லியூவே, மேடம். லியூவேவுக்குப் போன மாசம்தான் பொண்ணு பொறந்துச்சு.

— ரீங்க், உன்னை யாரு கேட்டா?

— நான் கேட்டேன். நன்றி கேப்டன். இதோ எழுதியாச்சு. பறவை மோதினதுக்கு எந்த அடையாளமும் இல்ல. வந்தது தலையணை இறகு. விபத்துக்கு அப்புறம் யாரோ கொண்டுவந்து வச்சது. விசாரணைக் குழுவுக்கு மெயில் போயிடுச்சு. எஞ்சினைப் பிரிக்கிற வரைக்கும் அந்த நாலு பேரும் வீட்டுல இருக்கட்டும்.

— நீங்க யாரும்மா எங்க விமானத்தை நிறுத்த? இறகுன்னு ஒண்ணு கிடைக்காம இருந்திருந்தா, பறவைதான் காரணம்னு நானே எழுதி முடிச்சிருப்பேன். தளத்துத் தலைவர் கையெழுத்தே போதும், ஒருத்தன் கேள்வி கேட்டிருக்க மாட்டான். இந்த எழவு இறகு கிடைச்சுத் தொலைச்சதால, விதிப்படி உங்க வாசல்ல வந்து நிக்க வேண்டியதாப் போச்சு.

— அதுக்கு நான் என்ன பண்ண முடியும்? உங்க தளத்துல யாரு வீட்டுத் தலையணை இளைச்சுப் போயிருக்குன்னு விசாரிங்க.

— விசாரிக்கத்தான் போறேன். ரீங்க், உன் ஆளுங்கள்ல எவன்டா இந்த வேலையைப் பாத்தவன்?

— எவனும் இல்ல சார். நான்தான் வச்சேன்.

— நீயா?

— எங்க வீட்டுத் தலையணைதான் சார்.

— அட மடையா. தளத்து மானத்தைக் காப்பாத்தணும்னு நினைச்சியே, அது சரி. வைக்கிறதுதான் வச்ச, கடற்கரைக்குப் போய் நிஜக் கடற்காக இறகு நாலு பொறுக்கிட்டு வந்து வச்சிருக்கக் கூடாதா?

— அதை வச்சிருந்தா டாக்டர் நம்பியிருப்பாங்களே சார்.