மூன்றாம் தொட்டி மாவு

கீரை என்றாலே எழுந்து ஓடுகிற ஆள் நான், சார். அப்படிப்பட்டவன் பாசி வளர்க்கிற வேலைக்குப் போனேன் என்று சொல்லிச் சொல்லி அக்கா சிரிப்பாள். அவளுக்கும் அதே ஆய்வுக்கூடத்தில்தான் வேலை. நான் வளர்ப்பேன், அவள் மைக்ராஸ்கோப்பில் பார்த்துச் சரி என்பாள்.

மூன்றாம் தொட்டிப் பாசி, பால் பொங்குவது போல வளர்ந்தது. காயவைத்து அரைத்தால் சத்துமாவு. மிஞ்சும் சக்கையில் அடுப்புக்கு எரிவாயு. ஊரில் ஒருவரும் பட்டினி கிடக்க வேண்டாம். ஒருநாள் அக்கா மைக்ராஸ்கோப்பிலிருந்து தலையைத் தூக்கினாள். முகத்தில் ரத்தமே இல்லை.

"டேய், எல்லாம் சுருள் சுருளாத்தானே இருக்கணும்? நடுவுல உருண்டை உருண்டையா என்னமோ கிடக்கு. ஈரலை அரிக்கிற விஷப்பாசியா இருந்தா? எனக்குப் பயமா இருக்குடா. பிளீச் ஊத்திக் கொட்டிடலாம்."

எனக்கும் பயம் வந்தது. பிளீச் என்று கேட்டதும்தான்.

"சோதனைக்கு அனுப்பிப் பாப்போம்க்கா" என்றேன். அனுப்பவில்லை. சில நாள் கழித்து, சுத்தம் என்று முடிவு வந்துவிட்டதாகச் சொன்னேன்.

எங்கள் கூடத்தில் ஒரு வழக்கம் உண்டு. மாவு வெளியே போவதற்கு முன், வளர்த்தவரும் சரிபார்த்தவரும் எதிரெதிரே உட்கார்ந்து தினம் ஒரு கரண்டி சாப்பிட வேண்டும், ஒரு மாதத்துக்கு. அவரவர் டப்பா, அவரவர் கரண்டி.

"மொதல்ல நீ தின்னு, பாக்கலாம்" என்றாள். தின்றேன். குமட்டியது.

"மூஞ்சியப் பாரு, விளக்கெண்ணெய் குடிச்சவன் மாதிரி" என்று சிரித்துக்கொண்டே அவளும் சாப்பிட்டாள்.

முதலில் அவளுக்குப் பசி போனது. பிறகு கண்ணில் மஞ்சள் ஏறியது. "உனக்கு ஒண்ணும் பண்ணலியாடா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். "அப்ப மாவா இருக்காது" என்று அவளே சொன்னாள். டாக்டரும் அதையே நம்பி வேறு எதையோ தேடிக்கொண்டிருந்தார்.

மாதம் முடியவில்லை. அதனால் அவள் டப்பாவை ஆஸ்பத்திரிக்கும் எடுத்துப் போனேன். அவளால் உட்கார முடியவில்லை, நான்தான் ஊட்டிவிட்டேன். பாதியில் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எனக்கு ரொம்பப் பயமா இருக்குடா. நல்லவேளை, உனக்கு ஒண்ணும் ஆகல."

மறுநாள் காலையில் போய்விட்டாள். அழுதேன், சார். யாரை வேண்டுமானாலும் கேளுங்கள்.

என் டப்பாவில் இருந்தது முதல் தொட்டி மாவு. அது நல்ல பாசி. நிறம் ஒன்றுதான், யாருக்கும் வித்தியாசம் தெரியாது. உருண்டைகள் விஷமா இல்லையா என்று யாராவது தின்று பார்த்தால்தானே தெரியும்? சோதனைக்கு அனுப்பினால் அன்றைக்கே தொட்டியைக் கொட்டியிருப்பார்கள்.

இப்போது கூடத்தைப் பூட்டி வைத்திருக்கிறீர்கள். தொட்டியைக் கலக்குகிற மோட்டார் ஓடுகிறதா என்று நினைத்தால் நெஞ்சு படபடக்கிறது. யாரையாவது அனுப்பிப் பாருங்கள்.

நானே தின்று பார்த்திருக்கலாமே என்கிறீர்கள். எனக்கு ஏதாவது ஆகியிருந்தால் தொட்டியை யார் பார்த்துக்கொள்வது? அக்கா உயிரோடு இருந்திருந்தால் அவளையே கேட்டிருக்கலாம், சார். அவளும் இதையேதான் சொல்லியிருப்பாள்.