சாயங்காலம் திரும்பும் பாதம்

நான் ஐந்தாவதோடு நின்றவன். காங்கேயத்தில் எண்ணெய் மில் வைத்தேன். தண்ணீரே வராது என்ற காட்டில் கிணறு வெட்டினேன். மூன்று மகள்களையும் இன்ஜினியராக்கினேன். எதைப் பார்த்தும் வாய் பிளக்காதவன், நேற்று கோவை பஸ்ஸில் பிளந்தேன்.

முன் சீட்டில் ஏழு வயது மகளை மடியில் வைத்திருந்த பெண், பக்கத்து அம்மாவிடம் சொன்னாள்: "புள்ளைய காலைல ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனதுதானுங்க அக்கா எங்க தப்பு."

"அதெப்படித் தப்பாகும், அம்மணி?"

"மொத டோக்கனுக்காக மொத பஸ்ஸுல போயிருவோமுங்க. தூங்கி எந்திரிச்ச புள்ள டாக்டர் முன்னால நல்லா ஓடுவா. சாயங்காலமானா பாதம் உள்பக்கமா திரும்பிக்கும், நடக்கவே மாட்டா. அதை அவங்க பார்க்கவே இல்லீங்க. புள்ள நடிக்கறான்னு சொல்லிப்போட்டாங்க."

"அடப்பாவமே! அப்புறம்?"

"பீளமேட்டுல ஒரு டாக்டரம்மா, 'பள்ளிக்கூடம் விட்டதும் கூட்டிட்டு வாங்க'ன்னாங்க. நடக்கச் சொல்லிப் பார்த்தாங்க. மூளையில ஏதோ ஒரு சத்து தூங்கினா ஊறி, சாயங்காலத்துக்குள்ள தீர்ந்துபோகுதாமுங்க. அதுக்குத் தெனம் அரை மாத்திரைதானுங்க. நாலாம் நாள் சாயங்காலம் ஓடறா!"

"அரை மாத்திரையா? எங்க ஊட்டுக்காரரு தலைவலிக்கே ரெண்டு முழுங்குவாரு!"

குழந்தை சிரித்தது. நான் வாய் பிளந்தது அப்போதுதான்.

இதைப் படித்து யாராவது, பிள்ளைக்கு எந்நேரம் நடை கெடுகிறதோ அந்நேரமே டாக்டரிடம் காட்டினால், இதைக் காதில் வாங்கி எழுதியவன் காங்கேயத்து மில்காரன்தான் என்று அவரிடம் சொல்லிவிட வேண்டும்.