பரிசோதனைக்கூடத்துக் கணினி

கிருத்திகை நாட்களில் கடையைத் திறந்து பயனில்லை, மேடம். திருத்தணி மலைக்குப் போகிற கூட்டம் பஸ் ஸ்டாண்டிலிருந்தே தெருவை அடைத்துவிடும். காவடியைத் தோளில் வைத்துக்கொண்டு யாரும் கணினியைப் பழுதுபார்க்க வரமாட்டார்கள். அப்படி ஓய்வாக இருந்த ஒரு கிருத்திகையில்தான் நீங்கள் கேட்கிற அந்த நிரலை எழுதி முடித்தேன்.

நம் ஜனங்கள் வைரஸை ஜுரம்போல நினைக்கிறார்கள். காற்றில் வந்து ஒட்டிக்கொண்டது என்பார்கள். அது தானாக வருவதில்லை. யாரோ ஒருவன் உட்கார்ந்து எழுதிய நிரல் அது, நீங்கள் கதவைத் திறந்தால்தான் உள்ளே வரும். வாட்ஸப்பில் யாரோ அனுப்பிய கல்யாணப் பத்திரிகையை அழுத்துவார்கள். ஜெராக்ஸ் கடையில் செருகிய பென்டிரைவை அப்படியே வீட்டுக் கணினியில் செருகுவார்கள். ஓசியில் கிடைத்த மென்பொருள் ஓட வேண்டும் என்று ஆன்டிவைரஸை நிறுத்திவைப்பார்கள். பிறகு கணினியை மூட்டை கட்டி என்னிடம் தூக்கிக்கொண்டு வந்து, "ஒண்ணுமே பண்ல சார், அதுவா பூட்ச்சி" என்பார்கள்.

வியாபாரிகளைக் கூட்டி ஒருமுறை இலவசமாக வகுப்பு எடுத்தேன். மென்பொருளைப் புதுப்பித்துக்கொண்டே இருங்கள், முக்கியமான கோப்புகளுக்கு இன்னொரு பிரதி எடுத்துக் கணினியோடு இணைக்காமல் தனியே வையுங்கள், அடுத்தவன் பென்டிரைவை ஸ்கேன் செய்யாமல் செருகாதீர்கள் என்று பிள்ளைகளுக்குச் சொல்வதுபோலச் சொன்னேன். சமோசா வந்ததும் எழுந்துவிட்டார்கள். ஒருவர் மட்டும் சந்தேகம் கேட்டார். "சார், இங்க வைஃபை பாஸ்வேர்டு இன்னா?"

என் கடைக்கு எதிரில்தான் அல்தாஃபின் ரத்தப் பரிசோதனை லேப். நல்ல மனிதர் என்று எல்லோரும் சொல்வார்கள். ஏமாளிகளுக்கு இந்த ஊரில் அப்படித்தான் பெயர். கணினியின் பாஸ்வேர்டைச் சீட்டில் எழுதித் திரையின் ஓரத்தில் ஒட்டிவைத்திருந்தார். ரத்தம் கொடுக்க வருகிற குழந்தைகூடப் படிக்கலாம். கிழித்துப் போடுங்கள் என்றேன். அவர் சிரித்தார்.

"வுடு சார். ரத்தமும் மூத்திரமும் வெச்சிகினு குந்திகினு கீறேன். இத்த எவன் வந்து திருடப் போறான்?"

காத்திருந்த நோயாளிகளும் சிரித்தார்கள். அதனால் எனக்குக் கோபம் வந்தது என்று எழுதிக்கொள்ளாதீர்கள். கோபம் சமமானவர்கள்மேல் வருவது.

திருடுவது மட்டுமே ஆபத்து என்று நினைக்கிறவர்களுக்கு எப்படிப் புரியவைப்பது என்று யோசித்தேன். கோப்புகளைப் பூட்டிவைத்தால் ஒரு நாள் அலறிவிட்டு மறந்துவிடுவார்கள். எதையும் பூட்டாமல், எதையும் அழிக்காமல், ஓர் எண்ணை மட்டும் மாற்றினால் என்ன? சர்க்கரை அளவு உண்மையில் இருப்பதைவிட அதிகமாக அச்சாகும்படி எழுதினேன். கருவி காட்டுவது ஓர் எண், காகிதத்தில் விழுவது வேறொன்று. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கிற எவனும் அன்றைக்கே கண்டுபிடித்துவிடலாம். வேண்டுமென்றேதான் அவ்வளவு சுலபமாக வைத்தேன்.

பிரின்டர் சரியாக ஓடவில்லை என்று அவரே கூப்பிட்டார். நான் பென்டிரைவை எடுத்தபோது, எனக்கு டீ வாங்கிவர எழுந்து போனார். ஸ்கேன் பண்ணிவிட்டுப் போடுங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரும்பியிருப்பேன். டீயில் இஞ்சி தட்டிப் போடச் சொல்லியிருந்தார்.

குப்பம்மாளைப் பற்றிக் கேட்டீர்கள். பள்ளிப்பட்டுப் பக்கம். இரண்டு கறவை மாடு வைத்துப் பால் ஊற்றுகிறவள். மாதாமாதம் பஸ்ஸில் வந்து ரத்தம் கொடுப்பாள். லேபில் உட்கார இடமில்லாவிட்டால் என் கடை நிழலில் வந்து நிற்பாள். எல்லோரையும் நைனா என்றுதான் கூப்பிடுவாள், என்னையும்.

"சக்கர எறங்கவே மாட்டேங்குது நைனா," என்றாள் ஒரு நாள். "சோத்தயே வுட்டுட்டேன். டாக்டரு இன்சுலின் ஊசிய ஏத்திகினே போறாரு. சீட்டப் பாத்தா மட்டும் கூடிகினே கீது."

அவள் சொன்னதைக் கவனமாகக் கேட்டேன். நிரல் பிசகில்லாமல் ஓடுகிறது என்று தெரிந்தது. அந்த டாக்டரும் படித்தவர்தான். எதிரில் உட்கார்ந்திருப்பவள் இளைத்துக்கொண்டே போவதைப் பார்க்கவில்லை, காகிதத்தைப் பார்த்தார். அல்தாஃப் கருவியைப் பார்க்கவில்லை. இத்தனை பேரில் ஒருவருக்குக்கூடச் சந்தேகம் வரவில்லை. எனக்கு அது ஆச்சரியமாகவும் இல்லை.

அதற்கடுத்த முறை வந்தபோது அவள் கை நடுங்கியது. ஐப்பசிக் குளிரில் கழுத்தெல்லாம் வியர்வை. "ஒரு மாரியா கண்ணு இருட்டிகினு வருது நைனா, கொஞ்சம் குந்திக்கட்டா?" என்றாள். உட்காரச் சொன்னேன். சர்க்கரை மிகவும் இறங்கினால் அப்படித்தான் ஆகும் என்று எனக்குத் தெரியும். என் வீட்டிலும் சர்க்கரை நோயாளி உண்டு. என் மேசையிலேயே பாதி குடித்த டீயும் பிஸ்கட்டும் இருந்தன. கொடுத்திருக்கலாம். கொடுத்தால் தெளிந்துவிடுவாள். தெளிந்தால் ஏன் என்று கேட்பாள். அல்தாஃப் தானாகக் கண்டுபிடிக்க வேண்டியதை நான் சொல்லிக் கொடுத்ததாக ஆகிவிடும். பரீட்சை நடக்கும்போது வாத்தியார் விடை சொல்வாரா? தண்ணீர் மட்டும் கொடுத்தேன். குடித்துவிட்டு, "நல்லா இரு நைனா" என்று சொல்லி, அன்றைய சீட்டை வாங்கிக்கொண்டு டாக்டரிடம் போனாள்.

சில நாட்கள் கழித்து, பால் பணம் வாங்கத் திருத்தணிக்கு வந்தவள், திரும்பிப் போகும் பஸ்ஸில் ஜன்னலில் தலையைச் சாய்த்திருக்கிறாள். தூங்குகிறாள் என்று கண்டக்டர் விட்டுவிட்டார். பள்ளிப்பட்டில் எல்லோரும் இறங்கிய பிறகுதான் தோளைத் தட்டிப் பார்த்தார்கள். ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்தபோது சர்க்கரை இருந்த இடமே தெரியவில்லையாம். அவள் கண் திறக்கவே இல்லை.

மகள் தாயம்மாள் ஆஸ்பத்திரிச் சீட்டையும் லேப் சீட்டையும் இரண்டு கையில் பிடித்துக்கொண்டு லேபுக்கு வந்தாள். "எங்கம்மாவுக்கு இல்லாத சக்கரய எங்கேர்ந்துயா எடுத்து எழுதன?" என்று அவள் கேட்டது தெரு முழுக்கக் கேட்டது. எழுதப் படிக்க அவ்வளவாகத் தெரியாதவள். இரண்டு எண்களைப் பக்கத்தில் வைத்துப் பார்த்த முதல் ஆள் அவள்தான்.

அல்தாஃப் என்னைத்தான் கூப்பிட்டார். கை கூப்பி, "சார், மிஷின்ல இன்னாவோ ஆயிட்ச்சி, கொஞ்சம் பாரு சார்" என்றார். போனேன். நாற்காலியில் உட்கார்ந்து, என் நிரல் எங்கே இருக்கிறது, எப்படி உள்ளே வந்தது, எந்த எண்ணை எப்படி மாற்றியது என்று ஒவ்வொன்றாக விளக்கினேன். யார் எழுதியது என்றும் சொன்னேன். முதல்முறையாக அவர் சிரிக்காமல் நான் சொன்னதைக் கடைசிவரை கேட்டார். பிறகு தரையில் உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டார். உங்கள் ஸ்டேஷனுக்குப் போன் செய்தது தாயம்மாள்.

ஆகவே, ஆம். நான் எழுதினேன், நான் செருகினேன், அவள் நடுங்குவதைப் பார்த்தும் பேசாமலிருந்தேன். கொல்லும் எண்ணம் மட்டும் எனக்கு இருந்ததில்லை. யாராவது உடனே கவனித்துவிடுவார்கள், ஒருவருக்கும் ஒன்றும் ஆகாது என்று மனதார நம்பினேன். இதை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும்.

என் அம்மாவின் சர்க்கரையை எங்கே பார்த்தேன் என்று கேட்கிறீர்கள்.

அரக்கோணத்தில். வழக்கமாக அல்தாஃபிடம்தான். நிரல் ஓடிய அந்த மாதங்களில் மட்டும் ரயிலில் கூட்டிக்கொண்டு போனேன். "எதிர்க்கவே லேபு கீதே, இன்னாத்துக்குடா அவ்ளோ தூரம்?" என்று அம்மா கேட்டாள். அங்கே கம்ப்யூட்டர் சரியில்லை, அந்தச் சீட்டை நம்பாதே என்றேன். மறுபேச்சுப் பேசாமல் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள். பார்த்தீர்களா மேடம், எச்சரித்தால் கேட்டுக்கொள்கிறவர்களுக்கு என் நிரலால் எந்த ஆபத்தும் இருக்கவில்லை.